மருந்துச் சீட்டில் இடம்பெறாதவை: நீரிழிவு மருந்துடன் சத்துப் பொருள்களைச் சேர்க்கும்போது

நீரிழிவு நோய்க்காக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடம், "வேறு ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலோர் "இல்லை" என்றே விடையளிக்கின்றனர். அதே கேள்வியைச் சற்று மாற்றி, "பொடி, கஷாயம், லேகியம், சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர் ஏதேனும் உண்டா?" என்று கேட்டால் விடை மாறிவிடுகிறது. காலையில் சிறுகுறிஞ்சான் பொடி, மாலையில் ஆவாரம்பூக் கஷாயம், முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை, கால் எரிச்சலுக்கு மற்றொன்று எனப் பட்டியல் நீள்கிறது. முதலில் "இல்லை" என்றவர்கள் எதையும் மறைக்க எண்ணியவர்கள் அல்லர். இவற்றை அவர்கள் மருந்து என்று கருதவில்லை, அவ்வளவே. ஆனால் கல்லீரலும் கணையமும் சிறுநீரகமும் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே செல்லும் ஒவ்வொன்றையும் அவை ஒரே கணக்கில்தான் வைக்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 விழுக்காட்டினர் இந்நோயுடன் வாழ்கின்றனர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை விரியும் இத்தொழிற்பகுதியில் நாங்கள் காணும் நோயாளிகளில் பலர் உழைக்கும் வயதினர். ஷிப்டு மாறும்போது இவர்களுடைய உணவு நேரமும் உறக்க நேரமும் மாறுகின்றன. "வாழ்நாள் முழுவதும் மாத்திரைதானா?" என்ற சலிப்பும், கைப்பேசியில் வரும் காணொளிகளும், உடன் பணிபுரிவோரின் பரிந்துரையும் சேர்ந்து இவர்களைப் பொடிகளையும் சத்து மாத்திரைகளையும் நாடச் செய்கின்றன. அந்த நாட்டத்தை நாங்கள் குறை கூற வரவில்லை. எந்த மருந்துடன் எது சேர்ந்தால் என்ன நேரும் என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நாட்டத்திற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அச்சம் இருக்கிறது. "ஆங்கில மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்று பலரும் நம்புகின்றனர். நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகம் கெடுவதற்கு முதன்மையான காரணங்கள், ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். அச்சத்தினால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் நம்புவோர், எதற்கு அஞ்சினார்களோ அதையே விரைவாக வரவழைத்துக்கொள்கின்றனர்.

மூலிகைக்கும் ஆற்றல் உண்டு

"இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல். இயற்கைப் பொருளுக்கு ஆற்றல் உண்டு என்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இன்று உலகெங்கும் நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறே இதற்குச் சான்று. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியில் காணப்பட்ட வேதிப்பொருளைத் தொடர்ந்த ஆராய்ச்சியின் வழியே அது பிறந்தது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்.

1979-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் பாகற்காயைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. இங்கிலாந்தில் வாழ்ந்த தெற்காசியப் பெண் ஒருவர் குளோர்புரோபமைடு என்னும் நீரிழிவு மாத்திரையை உண்டு வந்தார். அதனுடன் பாகற்காய் சேர்ந்த கறியையும் உண்டபோது மருந்தின் விளைவு கூடியதை அக்குறிப்பு சுட்டிக்காட்டியது. வீட்டுச் சமையலில் உள்ள காய் ஒன்று மருந்தின் வேலையோடு சேர்ந்துகொள்ளக்கூடும் என்று மருத்துவ உலகம் கவனித்த தொடக்க நிகழ்வுகளுள் அது ஒன்று.

இதைப் படித்துவிட்டுப் பாகற்காயை விலக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் உண்ணும் பொரியல் உணவு. நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு குவளை சாறாகவோ, செறிவூட்டிய மாத்திரையாகவோ உட்கொள்ளும்போது அதுவே மருந்தாகிவிடுகிறது. வெந்தயத்திற்கும், நாவல் கொட்டைக்கும், மஞ்சளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

முதலில் அறிய வேண்டியது: உங்கள் மாத்திரை எந்த வகை?

துணைப் பொருள் ஒன்று தீங்கு தருமா என்பது, அதைவிட மிகுதியாக, நீங்கள் ஏற்கெனவே உண்ணும் மருந்தைப் பொறுத்தது. நீரிழிவு மருந்துகளை இந்நோக்கில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தாமாகவே இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக் கூடியவை. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு ஆகிய மாத்திரைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் இம்மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். மேலே கூறிய குளோர்புரோபமைடும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரண்டாம் வகை, தனியாக உண்ணும்போது சர்க்கரையை அவ்வாறு அரிதாகவே இறக்குபவை. மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், பியோகிளிட்டசோன் ஆகியவை இதில் அடங்கும்.

சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, ஆவாரம்பூ போன்ற சர்க்கரையைக் குறைக்கும் பொருள்களை முதல் வகை மருந்துடன் சேர்ப்பதே உடனடி ஆபத்தைத் தரக்கூடியது. இங்கு ஒரு சிக்கலும் உண்டு. நம் கடைகளில் விற்கும் பல அட்டைகளில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. "மெட்ஃபார்மின் மட்டுமே சாப்பிடுகிறேன்" என்று எண்ணுவோரின் மாத்திரையில் கிளிமிபிரைடும் இருக்கக்கூடும். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களை மருந்தாளுநரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

இரவு ஷிப்டில் இறங்கும் சர்க்கரை

இரத்தச் சர்க்கரை 70 மி.கி. அளவுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை நிலை என்கிறோம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பார்வை மங்கல், எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் நினைவிழப்பும் நேரும்.

இரவு ஷிப்டுக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாலையில் கிளிமிபிரைடு கலந்த மாத்திரையை உண்கிறார். யாரோ கூறியபடி அதனுடன் ஒரு தேக்கரண்டி மூலிகைப் பொடியும் சேர்கிறது. நிறுவனப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இரவுணவு பாதியோடு நிற்கிறது. கேன்டீன் இடைவேளை தள்ளிப்போகிறது. நள்ளிரவைக் கடந்து இயந்திரத்தின் முன் நிற்கும்போது வியர்க்கிறது. அவர் அதைப் பணிக்கூடத்தின் வெப்பம் என்று எண்ணுகிறார். கண் மங்குகிறது, அருகிலிருப்பவர் அதைத் தூக்கக் கலக்கம் என்று எண்ணுகிறார். பிரஸ் இயந்திரத்தின் அருகிலும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும், உயரத்தில் நின்று பணி செய்யும்போதும், விடியற்காலையில் தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போதும் இந்தச் சில நிமிடங்கள் உயிருக்கே விலையாகிவிடக்கூடும்.

ஆகவே ஷிப்டு நேரம் மாறும்போது மருந்து நேரத்தையும் மாற்றி அமைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். உங்களுக்கு நீரிழிவு உண்டு என்பதை அருகில் பணிபுரியும் ஒருவராவது அறிந்திருக்கட்டும்.

அறிகுறி தோன்றினால் பணியை உடனே நிறுத்தி, 15 கிராம் அளவு, அதாவது ஏறத்தாழ 3 தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடங்கள் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு பருகலாம். சரியானதும் ஏதேனும் உணவு உண்ண வேண்டும். ஒரு முக்கியக் குறிப்பு: உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், வீட்டுச் சர்க்கரையும் மிட்டாயும் விரைவில் பயன் தரா, குளுக்கோஸே தேவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை இயல்பாகவே இருந்தாலும்

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் இவை நன்மை தருபவை. ஆனால் இவற்றை உண்போர், எடை குறைப்பதற்கென்று விற்கும் பானப் பொடிகளை மட்டும் பருகி அரிசி, கோதுமை முதலிய மாவுப் பொருள்களை அறவே நிறுத்தினாலோ, நீண்ட பட்டினி கிடந்தாலோ, வெப்பமான பணிக்கூடத்தில் போதிய நீர் அருந்தாவிட்டாலோ, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். அந்நிலையில் குளுக்கோமீட்டர் காட்டும் சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே இருக்கலாம். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால், சர்க்கரை அளவைக் கண்டு அமைதி அடையாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உண்மையிலேயே தேவைப்படும் சத்துகள்

துணைச் சத்துகள் எல்லாம் வீண் என்று நாங்கள் கூறவில்லை. மெட்ஃபார்மினை நீண்ட காலம் உயர்ந்த அளவில் உண்போருக்கு வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவது குறைகிறது. சைவ உணவு உண்போருக்கு இக்குறைபாடு மேலும் எளிதாக ஏற்படும். இதனால் கால் மரத்துப்போவதும் எரிச்சலும் வரலாம். அவற்றை நீரிழிவினால் வந்த நரம்புப் பாதிப்பு என்றே எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றில் இதனைக் கண்டறியலாம். மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம்.

ஆனால் 'நரம்பு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்குவது இதற்கு மாற்றாகாது. அம்மாத்திரைகள் பலவற்றில் பி12 உடன் பி6 வைட்டமினும் உள்ளது. பி6 அளவுக்கு மீறி நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் அதுவே நரம்பைப் பாதித்துக் கால் மரத்துப்போகச் செய்யும். நோயைத் தீர்க்க உண்ட மாத்திரை அதே நோயின் அறிகுறியைத் தரும் நிலை இது. ஒன்றுக்கு மேற்பட்ட சத்து மாத்திரைகளை ஒரே சமயத்தில் உண்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இசப்கோல் போன்ற நார்ச்சத்துப் பொருள்கள் மலச்சிக்கலுக்கு நல்லவை. எனினும் மாத்திரைகளோடு சேர்த்து உண்டால் மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரையும் உண்பவராயின், அதற்கும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் தேவை.

பரிசோதனை முடிவை மாற்றிவிடும் மாத்திரைகள்

சில சத்துகள் உடலைவிடப் பரிசோதனை முடிவையே மாற்றிவிடுகின்றன. அதிக அளவு வைட்டமின் சி உண்போருக்குச் சிலவகைக் குளுக்கோமீட்டர்களும், தோலில் ஒட்டிக்கொள்ளும் தொடர் அளவுக் கருவிகளும் உண்மையைவிடக் கூடுதலான சர்க்கரையைக் காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் தாழ்சர்க்கரை நேரும்.

முடி, நகம் ஆகியவற்றுக்கென விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம். இது தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறிய உதவும் டிரோபோனின் பரிசோதனையையும் பிழையாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நீரிழிவு உள்ளோருக்கு மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சுவலி இன்றியே வரும். அவர்களுக்கு இப்பரிசோதனை பிழையாவது சிறு செய்தி அன்று.

இரத்தசோகை உள்ள பெண்களும் ஒன்றை அறிய வேண்டும். இரும்புச் சத்துக் குறைவினால் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி சற்று உயர்ந்து தெரியலாம். இரும்பு மாத்திரை உண்ணத் தொடங்கியபின் அது இறங்கலாம். மாற்றம் சர்க்கரையில் நிகழ்ந்ததா, இரத்தத்தில் நிகழ்ந்ததா என்று நாங்கள் முடிவு செய்ய, நீங்கள் இரும்பு மாத்திரை உண்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லீரலும் சிறுநீரகமும்

கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடிப் பொருள்களைப் பலர் உண்டனர். அவர்களுள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்களும், 2022-இல் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளைத் தொகுத்த மருத்துவர்களும் பதிவு செய்தனர். சீந்திலைப் போன்ற தோற்றமுடைய வேறொரு கொடி கலந்திருக்கக்கூடும் என ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் அளித்தது. இரண்டில் எது உண்மையாயினும் வாங்கி உண்பவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: பொடியான பின் எந்தக் கொடி என்று கண்ணால் கூற இயலாது.

மஞ்சளும் அவ்வாறே. குழம்பில் இடும் மஞ்சளால் அச்சமில்லை. உடல் எளிதில் ஏற்பதற்காக மிளகின் சாரத்தையும் சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டோர் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் வந்துள்ளன. கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை ஆகியவை தோன்றினால் துணைப் பொருள்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் புரோட்டீன் பவுடரைத் தொடங்கும் முன், சிறுநீரில் புரதக் கசிவையும் கிரியாட்டினின் அளவையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் கூடுதல் புரதம் அதற்குச் சுமையாகும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தால் மெட்ஃபார்மினின் அளவையும் குறைக்கவோ நிறுத்தவோ நேரும்.

பெயரில்லாப் பொட்டலத்தின் ஆபத்து

2008-இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில், நீரிழிவு இல்லாத 150 பேர் கடும் தாழ்சர்க்கரையுடன் அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 4 பேர் உயிரிழந்தனர். ஆண்மைக் குறைவுக்கென்று சட்டத்திற்குப் புறம்பாக விற்கப்பட்ட பொருள்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததே காரணம் என்று தெரியவந்தது. உண்டவர் எவருக்கும் தாம் நீரிழிவு மருந்தை விழுங்குகிறோம் என்பது தெரியாது.

"பத்தே நாளில் சர்க்கரை இயல்பாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று கூறி, தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இன்றி விற்கும் பொடிகளை நாங்கள் இக்காரணத்தால்தான் ஐயத்துடன் பார்க்கிறோம். அது வியப்பூட்டும் வேகத்தில் வேலை செய்தால் ஐயம் மேலும் கூட வேண்டும். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே நம் நாட்டில் தடை செய்துள்ளது. சத்துப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், சித்த, ஆயுர்வேத மருந்தாயின் தயாரிப்பு உரிம எண்ணும் பொட்டலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சித்த மருத்துவத்தை நாடுவோர் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடமே செல்லுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு. நீங்கள் உண்ணும் மாத்திரைகளை அவரிடமும், அவர் தரும் மருந்துகளை எங்களிடமும் காட்டுங்கள். இருவரும் அறிந்திருந்தால் அளவைச் சரிசெய்ய இயலும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மருத்துவமனைக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பொடி டப்பாக்களையும், டானிக் பாட்டில்களையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகம், மக்களைத் தேடி மருத்துவம், தனியார் மருத்துவமனை என வெவ்வேறு இடங்களில் மருந்து பெறுவோருக்கு இது மிகவும் தேவை. வேறு வேறு பெயர்களில் ஒரே மருந்து இருமுறை சேர்ந்துவிடக்கூடும்.

2. புதிய துணைப் பொருள் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். அவர் இசைந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குச் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்து, நாளும் நேரமும் குறித்து வையுங்கள்.

3. மருத்துவர் கூறாமல் நீரிழிவு மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பொடியால் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருந்தாலும், மாத்திரையைக் குறைக்கும் முடிவைப் பரிசோதனைக்குப் பின் சேர்ந்தே எடுப்போம்.

4. கருவுற்றிருப்போரும், பாலூட்டும் தாய்மாரும், சிறுநீரக அல்லது கல்லீரல் நோயுள்ளோரும், முதியோரும் தாமாக எதையும் தொடங்கலாகாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும் துணைப் பொருள்களைத் தவறாமல் தெரிவியுங்கள்.

5. ஏதேனும் பக்கவிளைவு ஏற்பட்டால், மீதமுள்ள பொருளை எறிந்துவிடாமல் உறையோடு கொண்டுவாருங்கள். நாட்டின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கவும் செய்யலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலான வீடுகளில் கஷாயம் காய்ச்சுபவரும் பொடி வாங்கி வருபவரும் நோயாளி அல்லர். அவர்மீது அன்பு கொண்ட மனைவியோ, தாயோ, மகனோதான். "மருத்துவர் திட்டுவார்" என்று எண்ணி அந்தப் பொருளை வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். எங்கள் மருந்தகப் பிரிவில் அட்டையையோ டப்பாவையோ காட்டி ஐயம் கேட்க முன்பதிவு தேவையில்லை. தொடரத் தக்கது என்றால் தொடரச் சொல்வோம்; நேரத்தை மாற்றினால் போதும் என்றால் மாற்றித் தருவோம்; ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தச் சொல்வோம்.